மிஷினுக்குள் ஒரு ஹலோ

மார்ச் 4, செவ்வாய்

இன்று எங்கள் பழைய பிளாஸ்டிக் பட்டறைக்கு எட்டு மூட்டை பொம்மை வந்தது. எங்கேயோ ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளியை மூடிவிட்டார்களாம். மேசையில் கொட்டியதும் ஒரு நிமிடம் யாரும் கை வைக்கவில்லை. பிறகு மேஸ்திரி தன் கைக்கடிகாரத்தைத் தட்டினார். அவருக்கு அதுதான் வாய்.

ஸ்குரூவைக் கழற்ற வேண்டும். பேட்டரியை எடுத்துத் தகர டப்பாவில் போட வேண்டும். கம்பியை வெட்ட வேண்டும். மிச்சமிருக்கிற வெறும் பிளாஸ்டிக் நீலக் கூடைக்கு. நீலக் கூடை மறுநாள் காலை அரவை மிஷினுக்குப் போகும். "நீலத்துல பேட்டரி போச்சுன்னா மிஷின் போகும், மிஷின் போனா நீ போவ." நான் சேர்ந்த அன்று மேஸ்திரி நடத்திய பாடம் இது ஒன்றுதான். பள்ளியில் நடத்தியதெல்லாம் மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

தண்ணீருக்குள் வளையம் மாட்டும் விளையாட்டுப் பெட்டி ஒன்று கிடைத்தது. தண்ணீர் பச்சையாகிவிட்டிருந்தது. பொத்தானை அழுத்தினேன். ஒரே ஒரு வளையம் சோம்பேறித்தனமாக எழுந்து, குச்சியைத் தொட்டுவிட்டு, விழுந்தது. ஆறு வயதில் நான் பதினொரு வளையம் மாட்டுவேன். அப்பா நாலைத் தாண்டியதே இல்லை. "என் கட்டைவிரல் மூட்டை தூக்கப் படைச்சதும்மா, இதுக்கு இல்ல" என்பார்.

பெட்டியை உடைத்துத் தண்ணீரைக் கீழே ஊற்றினேன். வளையங்கள் தனி, பெட்டி தனி.

மார்ச் 6, வியாழன்

சீட்டி அக்கா இன்று என்னைச் சிரிக்க வைத்துவிட்டாள். அரவை மிஷின் அவள் பொறுப்பு. அந்தச் சத்தத்தில் கத்தினால் கேட்காது, அதனால் சீட்டி. ஒரு சீட்டி என்றால் கூடை கொண்டு வா, இரண்டு என்றால் டீ. நான் எதற்கும் "ம்" என்று மட்டும் சொல்வதால் எனக்கு "ம்மு" என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

"ம்மு, உனக்குக் கல்யாணம்னா மாப்பிள்ளை சம்மதமான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

"ம்."

"போச்சு. வேண்டாம்னு சொல்லணும்னா?"

யோசித்துப் பார்த்தேன். அதற்கும் "ம்" தான் வரும் போலிருக்கிறது. மேசையே சிரித்தது. கழுவும் தொட்டியில் நின்ற அம்மாகூடச் சிரித்தாள்.

மார்ச் 11, செவ்வாய்

சாவி கொடுத்தால் குதிக்கும் தவளை. பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் கார்கள், முப்பதுக்கு மேல். கண் மூடித் திறக்கும் பொம்மைகளின் தலைகள். மூடி தொலைந்த சோப்புக் குமிழிக் குப்பி, அதற்குள் இன்னும் கொஞ்சம் வாசனை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு வளர்ந்தோமா? எங்கள் வீட்டில் இருந்த பொம்மையெல்லாம் அப்பா இறந்து சின்ன அறைக்கு மாறியபோது போய்விட்டது. மூன்று வருடம் ஆகிறது. பழைய பொருள் எடுக்க வந்தவர் தராசில் வைத்து நிறுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து நின்றதும் அந்த மாதம்தான். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

போன் வந்தது!

அதே போன். மடக்கித் திறக்கும் சிவப்புப் பொம்மை போன், மஞ்சள் பொத்தான்கள். என்னுடையது இல்லை. என்னுடையதில் ஏழு கிடையாது, கடித்துத் துப்பிவிட்டேன். இதில் ஏழு இருக்கிறது.

சின்ன வயதில் நான் யாரோடும் பேச மாட்டேன், அப்பாவோடும் நேரில் பேச மாட்டேன். போனில் மட்டும் பேசுவேன். அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவேன். "ஹலோ! ஹலோ!" என்று ஒரு குழந்தைக் குரல் சொல்லும், பிறகு மணி அடிக்கும். அடுத்த அறையில் அப்பா தன் கறுப்புச் சீப்பைக் காதில் வைத்துக்கொள்வார். "சொல்லுங்க மேடம், என்ன புகார்?" படுக்கையை நனைத்தது, பென்சிலைத் தொலைத்தது, வகுப்பில் ஒருத்தி என்னைத் தள்ளியது, எல்லாம் சொல்வேன். "பதிவு பண்ணியாச்சுங்க" என்று வைத்துவிடுவார். அப்புறம் நேரில் பார்க்கும்போது ஒன்றும் தெரியாதவர் மாதிரி இருப்பார். அதுதான் அதில் அழகு. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்: "அப்பனும் மகளும் பைத்தியம்." அந்தச் சீப்பு இன்னும் இருக்கிறது. நாலு பல் போய்விட்டது. அம்மாதான் சீவிக்கொள்கிறாள்.

இந்தப் போன் செத்திருந்தது. துருப்பிடித்த பேட்டரியை எடுத்துப் போட்டுவிட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஒரு தடவை, ஒரே தடவை கேட்கலாமே என்று தோன்றியது. தகர டப்பாவிலிருந்து பழைய செல்போனின் தட்டைப் பேட்டரி ஒன்றை எடுத்து, இரண்டு கம்பிகளையும் அதில் முறுக்கி, டேப் சுற்றினேன்.

"ஹலோ! ஹலோ!"

அதே குரல். சட்டென்று மடியில் அழுத்திக்கொண்டேன்.

மறுபடி ஸ்குரூ போட்டு, துண்டில் சுற்றி, பைக்குள் வைத்தேன். சாயங்காலம் வாசலில் எல்லார் பையையும் கொட்டிப் பார்த்தார்கள், செம்புக்கம்பி காணவில்லையாம். வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர். எதையோ மறந்துவிட்டவள் மாதிரி மேசைக்குத் திரும்பிப் போய், கையில் பட்ட கூடையில் போனைப் போட்டுவிட்டு வந்தேன்.

பாவம், போன். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மார்ச் 13, வியாழன்

நான் போவதற்குள் மிஷின் ஓட ஆரம்பித்திருந்தது. மேசையடியில் நீலக் கூடை இல்லை.

நீலக் கூடை இல்லை.

ஓடினேன். சத்தம் கேட்டது. பட்டாசு மாதிரி இல்லை, துணி கிழிகிற மாதிரி. சீட்டி அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு

எழுத முடியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

இரண்டு கண்ணிலும் கட்டு. வலது கை முழங்கை வரை. உதடு வெந்திருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நான் போகவில்லை. காய்ச்சல் என்றேன். தொட்டுப் பார்த்தாள், நிஜமாகவே காய்ச்சல் இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

கூடையைக் கொட்டியதும் மூடியை மூடிவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், அதுதான் முறை. அக்கா மூடியைத் திறந்து உள்ளே குனிந்திருக்கிறாள். ஏன் திறந்தாய் என்று கேட்டதற்கு, "உள்ளேயிருந்து ஒரு குழந்தை ஹலோன்னு கூப்பிட்டுச்சு" என்றாளாம்.

எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள். சிரித்துக்கொண்டே.

மார்ச் 18, செவ்வாய்

மேஸ்திரி இன்று டீ நேரத்தில் நடித்துக் காட்டினார். டம்ளரைக் காதில் வைத்து, "ஹலோ, மிஷின் பேசறேன்!" மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் டீ வாங்கிக் கொடுத்துக் குடித்தவர்கள்தான்.

"அவளுக்குக் கொஞ்ச நாளாவே மரை கழண்டுடுச்சு. மூடியைத் திறந்தது அவ தப்பு, வைத்தியத்தை அவளே பாத்துக்கட்டும்னு முதலாளி சொல்லிட்டாரு. திங்கட்கிழமை அதிகாரி விசாரணைக்கு வராரு. எல்லாரும் இதையே சொல்லுங்க. என்ன, புரிஞ்சுதா?"

என்னைப் பார்த்து இரண்டாம் முறை கேட்டார். "ம்" என்றேன்.

ம் என்று சொன்னேனே. என் நாக்கை அறுத்துப் போட வேண்டாமா? அவளுக்குப் பைத்தியம் இல்லடா பாவிகளா, அது ஹலோன்னு சொல்லுச்சு, நிஜமா சொல்லுச்சு! நான்தான் அதைப் பேச வெச்சேன். குழந்தை விழுந்துடுச்சோன்னு பதறித்தானே அவ குனிஞ்சிருக்கா — இதைக் கத்த எனக்கு வாய் இல்லை. நோட்டில் மட்டும் கத்துகிறேன்.

மார்ச் 20, வியாழன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்க ரொம்ப நேரம் ஆனது.

"யாருக்காவது தெரியுமா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"தெரிய வேண்டாம். ரெண்டு பேருக்கும் சோறு அங்கதான். நீ சொன்னா என்னையும் சேர்த்துத்தான் வெளிய தள்ளுவாங்க."

"அக்காவுக்குக் கண்ணும்மா..."

"நீ சொன்னா கண்ணு வந்துடுமா?" பிறகு என் தாடையைப் பிடித்தாள், சின்னப் பிள்ளைக்கு மருந்து கொடுக்கப் பிடிப்பது மாதிரி. "இத்தனை வருஷமா பேசுடி பேசுடின்னு உன்கிட்ட கெஞ்சினேன். இப்பவும் கெஞ்சறேன். பேசாதே."

மார்ச் 21, வெள்ளி

பெண்கள் வார்டு, கதவிலிருந்து மூன்றாவது கட்டில். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். கட்டில் பக்கத்தில் கால் மணி நேரம் நின்றேன். யார் வந்திருப்பது என்று அவளுக்குத் தெரியாது.

"யாரு? நர்ஸம்மாவா?" என்றாள். உதடு சரியாக அசையவில்லை. "இனிமே சீட்டி வராதுங்களா?"

பழத்தை வைத்துவிட்டு வெளியே ஓடி வந்துவிட்டேன்.

படிக்கட்டில் உட்கார்ந்து அவள் நம்பரை அழுத்தினேன். கதவு வழியாக அவள் தெரிந்தாள். இடது கையால் தலையணையில் தடவித் தடவிப் போனை எடுத்தாள்.

"ஹலோ?"

எல்லாம் சொன்னேன். பொத்தான், டேப், வாசல் வரிசை, கூடை. அப்பாவின் சீப்பைக்கூடச் சொன்னேன், அது எதற்கு என்று தெரியவில்லை. இவ்வளவு நான் பேசியதே இல்லை. போன் அவள் காதிலேயே இருந்தது. நான் முடித்த பிறகும் இருந்தது.

"அப்ப அது நிஜமாவே ஹலோன்னுச்சு."

"ம்."

"ம்ன்னு சொல்லாதே!"

"ஆமாக்கா. சொல்லுச்சு."

பக்கத்துக் கட்டில்காரி இருமுவது கேட்டது.

"இதையே திங்கட்கிழமை வந்து சொல்லு. நேர்ல. ஒளிஞ்சுக்கிட்டு இல்ல." வைத்துவிட்டாள்.

பிறகு போனைத் தலையணையடியில் வைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியாது. அல்லது தெரியும்.

மார்ச் 23, ஞாயிறு

அம்மா என் செருப்பை ஒளித்து வைத்திருக்கிறாள். கேட்டால், "எனக்கு என்ன தெரியும், தேடு" என்கிறாள். நாளைக்கு நான் போகக் கூடாதாம். அதற்குத்தான் செருப்பை ஒளித்தது.

மார்ச் 24, திங்கள்

வெறுங்காலோடு போனேன்.

முதலாளி அறையில் ஆறு பேர். அதிகாரி, முதலாளி, மேஸ்திரி, சாட்சிக்கு இரண்டு பேர், நாற்காலியில் சீட்டி அக்கா. மேஸ்திரி சொல்ல வேண்டியதைச் சொன்னார், டம்ளர் இல்லாமல். அக்கா, "இன்னொருத்தி பேசணும் சார்" என்றாள். எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். நான் அங்கே நின்றிருந்தேன்.

"சொல்லும்மா" என்றார் அதிகாரி.

வரவில்லை.

"எதுக்கு வந்திருக்க? ஏதாவது சொல்லணுமா?"

மேஸ்திரி சிரித்தார். "இது பேசாது சார். பொறந்ததிலேர்ந்தே அப்படி." அதிகாரி பேனாவை மூடினார்.

அப்போதுதான் பார்த்தேன். அக்கா கட்டுப்போட்ட முகத்தை என் பக்கம் திருப்பியிருப்பதாக நினைத்துக்கொண்டு, தண்ணீர்க் குடம் வைத்த மூலையைப் பார்த்துக் காத்திருந்தாள். அந்தக் குடத்துக்குத் தலையை ஆட்டினாள், பேசு, பேசு என்று.

"நான் இந்தப் பக்கம் இருக்கேன்க்கா" என்றேன்.

அது வந்த பிறகு மற்றதும் வந்தது.

ஏப்ரல் 9, புதன்

அக்காவின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். இடது கண் இல்லை. வலது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, ஆள் வந்தால் நிழலாகத் தெரிகிறது. பேட்டரி மேசையிலிருந்து வந்தது என்று அதிகாரி எழுதிக்கொண்டதால் மிச்ச வைத்தியம் முதலாளி பொறுப்பாகிவிட்டது. தப்பு என் பேரில். விசாரணை நடந்த அன்று சாயங்காலமே எங்கள் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்கள். அம்மாவின் ரப்பர் கையுறையைக்கூட வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அம்மா இப்போது ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாள். நான் வீட்டில் உட்கார்ந்து மருந்து அட்டைப் பெட்டி மடிக்கிறேன்.

நேற்று அக்காவே கூப்பிட்டாள். "உன்னை நான் மன்னிக்கலடி. அதைத் தெரிஞ்சுக்கோ." பிறகு, "ஆனா எனக்குப் பைத்தியம்னு இனிமே எவனும் சொல்ல முடியாது" என்றாள். வைத்துவிட்டாள்.

அம்மா பேசிப் பதினாறு நாள் ஆகிறது. தட்டை வைப்பாள், துணியை மடித்து வைப்பாள். ஒளித்த செருப்பைக்கூட எடுத்து வாசலில் போட்டுவிட்டாள். பேச்சு மட்டும் இல்லை.

இன்று காலை வேலைக்குக் கிளம்ப அப்பாவின் சீப்பால் தலை சீவிக்கொண்டிருந்தாள், கண்ணாடி முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நான் அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். இப்போது அங்கே முழங்கால் இடிக்கிறது. என் கையையே மடக்கிக் காதில் வைத்துக்கொண்டேன்.

"ஹலோ" என்றேன். "ஹலோ."

அம்மா எடுக்கவில்லை.

எட்டிப் பார்த்தேன். சீப்பு பாதி முடியில் அப்படியே நின்றிருந்தது.