அவளுக்கு வறுத்த மீன்

ஆல்டர் ஃபால்ஸ், விஸ்கான்சின்
1973 ஏப்ரல் 9

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

உன் தங்கை ஆர்லீன் எழுதுவது. இங்கே நானும் டெல்பர்ட்டும் மகள் கெய்லும் சுகம். யக்கிமாவில் நீயும் உன் முட்டிவலியும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் பக்கம் ஆப்பிள் பூத்திருக்கும். எங்கள் தெருவோரத்தில் இன்னும் கறுத்த பனி கிடக்கிறது, அள்ளிப் போட ஆளில்லாமல்.

போன வாரம் ஊர்ப் பெண்களெல்லாம் சேர்ந்து கறி வாங்குவதை நிறுத்தினோமே, நீயும் நிறுத்தினாயா? கொத்துக்கறி பவுண்டு ஒரு டாலரை எட்டப் போகிறது. எதிர்வீட்டு மார்லிஸ் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு கடை வாசலில் நின்றாள். நான் அட்டையெல்லாம் மாட்டவில்லை. வீட்டில் மக்ரோனியாக ஆக்கிப் போட்டேன். டெல்பர்ட் சிரித்துக்கொண்டேதான் சாப்பிட்டார். "நாளைக்கும் இதே மக்ரோனின்னா நான் உன்னையே கடிச்சுத் தின்னுடுவேன், பாத்துக்கோ" என்றார். கெய்லுக்கு ஒரே சிரிப்பு. அவர் நல்லவர், அக்கா. குடியில்லை, கை ஓங்கியதில்லை, சம்பளத்தை வெள்ளிக்கிழமை அப்படியே கொண்டுவருகிறார். அதனால்தான் இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் ஏரிக்கரை ஓட்டலுக்குப் போனோம். பரிமாறுகிற பெண் புதிது. என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்னம்மா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "அவளுக்கு வறுத்த மீன், கோஸ் சாலட். ரொட்டி வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதேதான். எனக்கு மீன் பிடிக்காது என்றும் இல்லை. பிடிக்குமா என்று எனக்கே தெரியவில்லை, அதுதான் விஷயம். வீட்டுக்கு என்ன நிறத்தில் ஃபிரிட்ஜ், நான் எந்தத் தேர்தலில் யாருக்கு ஓட்டு, எனக்குக் குளிர்கிறதா இல்லையா, எல்லாவற்றுக்கும் அவரிடம் என் சார்பில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. எனக்கு மூச்சு முட்டுகிறது, அக்கா. சிரித்த முகத்தோடு ஒருவர் தலையணையை வைத்து அழுத்துவது மாதிரி இருக்கிறது.

உன் ஆபீஸில் தட்டச்சு செய்கிற அம்மாள் ஓய்வு பெறப்போகிறார், உன் வீட்டுப் பின்னறையில் இடம் இருக்கிறது, வந்துவிடு என்று எழுதியிருந்தாய். நல்லவேளை, அந்தக் கடிதம் முதலில் என் கையில் கிடைத்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. ஆனால் நிமிடத்துக்கு அறுபது வார்த்தை அடிக்க வேண்டும் என்கிறாயே. காகித மில் ஆபீஸில் வேலை பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். கல்யாணத்துக்குப் பிறகு இந்த விரல்கள் மாவும் சோப்பும் தவிர எதையும் தொட்டதில்லை. பழக ஒரு மிஷின் வேண்டும்.

அதற்குத்தான் ஸ்டாம்ப் சேர்க்கிறேன். தபால் ஸ்டாம்ப் இல்லை, கடையில் பத்து சென்டுக்கு வாங்கினால் ஒன்று தருகிறார்களே, அது. புத்தகத்தில் ஒட்டி நிரப்பிக் கொடுத்தால் பரிசுக் கடையில் சாமான் தருவார்களே, அந்தக் கடையின் படப்புத்தகத்தில் கையடக்கமான ஒரு தட்டச்சு மிஷின் இருக்கிறது, நீல நிறம். கடை ரசீதுகளை எல்லாம் டெல்பர்ட் பார்ப்பார், ஸ்டாம்பை மட்டும் பார்க்க மாட்டார். அது பெண்பிள்ளைகள் விளையாட்டு என்று எண்ணம். கேட்டால் கெய்லின் பள்ளிக்கூடத்துக்கு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். நிரம்பிய புத்தகங்கள் கேக் டப்பாவில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அட்டையிலும் ஆர்லீன் வோய்ட் என்று என் பெயரை எழுதியிருக்கிறேன்.

வேலை விஷயத்தை மட்டும் மார்லிஸ் முகவரிக்கு எழுது. எங்கள் வீட்டுக்கு வரும் உன் கடிதங்களை இவர்தான் சாப்பாட்டு மேஜையில் உரக்கப் படிப்பார். போன் பண்ணாதே. வெளியூர் அழைப்பெல்லாம் பில்லில் ஊர் பெயரோடு வரும்.

முட்டிக்குச் சூடு வைத்துக்கொள்.

உன் அன்புத் தங்கை,
ஆர்லீன்

*

ஆல்டர் ஃபால்ஸ்
1973 ஜூலை 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மார்லிஸ் அதை இரவல் வாங்கிய சர்க்கரைக் கிண்ணத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். அவளுக்கு இந்த ரகசிய வேலையெல்லாம் மிகவும் பிடித்திருக்கிறது.

உங்கள் ஊரிலும் மத்தியானத் தொடர்கள் நின்றுவிட்டனவா? டிவியைப் போட்டால் ஜனாதிபதியின் ஆட்கள் மேல் நடக்கும் வாஷிங்டன் விசாரணைதான். யார் யாரிடம் எதை எப்போது சொன்னார் என்று கோட்டு போட்டவர்கள் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மார்லிஸ், "என் கதையில அந்த டாக்டர் பொண்டாட்டி கோமாவுல கெடக்கா, பொழச்சாளா செத்தாளான்னே தெரியல, இவனுங்க வேற" என்று திட்டுகிறாள். நான் விசாரணையையே பார்க்கிறேன். கேள்வி கேட்டால் கேட்கப்பட்டவரே பதில் சொல்கிறாரே, அதைப் பார்க்க நன்றாக இருக்கிறது.

வாஷிங்டனில் விலையை ஏறாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். அதனால் கடையில் விலை ஏறவில்லை, சாமான்தான் காணோம். கோழிக்குஞ்சுகளை, ஏறிய விலையில் தீனி வாங்கிப் போட முடியாமல், தண்ணீரில் முக்கிக் கொன்றார்களாம், டிவியில் காட்டினார்கள். கெய்ல் அழுதாள். அன்று இரவு முட்டைகூடச் சாப்பிடவில்லை. அப்புறம் அறைக்குள் போய்ப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு, தரை கூட்டுகிற அகலத்தில் கால்சட்டை போட்டுக்கொண்டு ஆடினாள்.

ஸ்டாம்ப் மெதுவாகத்தான் சேர்கிறது. பொறுமை போய், ஒரு நாள் பக்கத்து ஊர்ப் பெரிய கடைக்கே போய்த் தவணையில் ஒரு மிஷின் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்மா" என்றாள். வாங்குவது நான், கட்டுவதும் நான் என்றேன். "எதுல இருந்து கட்டுவீங்க?" என்றாள். சரிதான், எதிலிருந்து கட்டுவேன்? வேலைக்குப் போகத்தான் மிஷின், மிஷின் வாங்க வேலை வேண்டும். என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. "எனக்கும் அப்படித்தாம்மா. இந்தக் கடையிலேயே பதினோரு வருஷமா நிக்கிறேன், என் கடன் கார்டு அவர் பேர்லதான் இருக்கு" என்றாள்.

காரில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து மேஜை விளிம்பில் விரல்களை வைத்து அடித்துப் பார்த்தேன். கெய்ல் வந்து நின்று, "அம்மா, என்ன பியானோவா?" என்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். பஞ்சை நனைத்து எடுத்துவந்து எனக்கு எதிரே உட்கார்ந்து ஸ்டாம்ப் ஒட்ட ஆரம்பித்தாள். இன்னும் நாலு புத்தகம் போதும் என்கிறாள்.

உன் முதலாளியைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
ஆர்லீன்

*

ஆல்டர் ஃபால்ஸ்
1973 நவம்பர் 26

அன்புள்ள அக்கா,

வான்கோழி வெந்தது, விருந்து முடிந்தது, எல்லாரும் சுகம். இதற்கு மேல் நல்ல செய்தி ஒன்றுமில்லை.

பெட்ரோலுக்கு இங்கே தெருமுனை வரை வரிசை. ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் பங்க்குகளை மூடச் சொல்லிவிட்டார்கள். முன்பெல்லாம் கண்ணாடியைத் துடைத்து, டம்ளர் பரிசு கொடுத்து, கை நிறைய ஸ்டாம்பும் தருவார்கள். இப்போது முகத்தைக்கூடத் திருப்புவதில்லை. பலசரக்குக் கடையும் ஸ்டாம்பை நிறுத்திவிட்டது, அந்தச் செலவில் விலையைக் குறைக்கிறார்களாம். எந்த விலை குறைந்தது என்று எனக்கு யாராவது காட்டினால் தேவலை. பரவாயில்லை, நிற்பதற்கு முந்தின வாரமே எங்கள் கடைசிப் புத்தகம் நிரம்பிவிட்டது. சனிக்கிழமை போய் மிஷினை எடுத்துவருவதாக இருந்தோம், கெய்லும் நானும்.

வியாழக்கிழமை நன்றி சொல்லும் ஆராதனைக்குச் சர்ச்சுக்குப் போனோம். பிரசங்கம் முடிந்ததும் பாஸ்டர் லிண்டமன் ஒரு யோசனை சொன்னார். பெட்ரோல் இப்படி இருக்கும்போது வயதானவர்கள் கோயிலுக்கு எப்படி வருவார்கள்? ஆளுக்குக் கொஞ்சம் ஸ்டாம்ப் புத்தகம் கொடுத்தால், சபைகளுக்குப் பரிசுக் கம்பெனி பஸ்ஸே கொடுக்கிறதாம். நானும்கூட நல்ல யோசனை என்று தலையாட்டினேன், அக்கா. அப்போது பக்கத்தில் இவர் எழுந்து நின்றார்.

"பாஸ்டர், எங்க வீட்டுல ஒரு டப்பா நெறைய இருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, மொத்தத்தையும் குடுத்துடறோம். ஆர்லீனுக்கு ரொம்ப சந்தோஷம்."

சபை முழுவதும் கைதட்டியது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் கைதட்டினேன்.

காரில், அது கெய்லின் மிஷினுக்கு என்று சொன்னேன். "அவளுக்கு எதுக்கு மிஷின்? ரெண்டு வருஷத்துல கல்யாணம் ஆகி நல்லபடியா இருப்பா, உன்னை மாதிரி" என்று என் முழங்காலைத் தட்டினார். அவருக்கு அவ்வளவு பெருமை. அன்று சாயங்காலமே டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். டப்பா மட்டும் திரும்பி வந்தது.

கெய்ல் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நேற்று பாத்திரம் துடைக்கும்போது, "நீ ஏம்மா ஒண்ணுமே சொல்லல?" என்றாள். இருநூறு பேர் நடுவில், கோயிலில், வயதானவர்களுக்குப் பஸ் வேண்டாம், எனக்கு என் புருஷனை விட்டுப் போக ஒரு மிஷின் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு இடம் வைக்கவில்லை.

உன் முதலாளியிடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிடு.

ஆர்லீன்

*

ஆல்டர் ஃபால்ஸ்
1974 பிப்ரவரி 21

அன்பு அக்கா வெர்னாவுக்கு,

உறையைப் பிரித்ததும் உனக்குத் தெரிந்திருக்கும், இது கையால் எழுதியதில்லை. பிழைகளை எண்ணாதே, முதல் பத்தியில் மட்டும்தான் இருக்கும்.

முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். டிவியில் ஒருவர் விளையாட்டாகச் சொன்னதை நம்பி நாடு முழுவதும் கழிவறைக் காகிதத்தை வாங்கிக் குவித்தார்களே, இங்கேயும் குவித்தார்கள். ஊரில் பாதிப்பேர் அதே காகிதத்தைத்தான் மில்லில் செய்துவிட்டு வருகிறார்கள், சாயங்காலம் கடை வரிசையிலும் அவர்களே நின்றார்கள். டெல்பர்ட்டும் ஒரு பெட்டி வாங்கிவந்தார். நான் சிரித்ததற்குக் கோபித்துக்கொண்டார். மின்சாரத்தை மிச்சப்படுத்த அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததில், கெய்ல் இருட்டில்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.

இனி என் செய்தி. சர்ச் பஸ் வந்துவிட்டது. உள்ளே ஒரு பித்தளைத் தகடு, அதிக புத்தகம் கொடுத்தவர் டெல்பர்ட் வோய்ட் என்று. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாஸ்டர் வந்தார். சர்ச்சில் வாராந்திரத் தாள் அடித்துக்கொண்டிருந்த அம்மாள் ஃபுளோரிடாவுக்குக் குடிபோய்விட்டாராம். நான் அங்கேயேதான் நிற்கிறேன், பாஸ்டர் இவரிடம்தான் கேட்டார். "ஆர்லீனுக்கு நேரம் இருக்குமா, டெல்பர்ட்?"

"தாராளமா. வீட்டுல சும்மாதான இருக்கா. காசெல்லாம் ஒண்ணும் வேண்டாம், பாஸ்டர்."

இத்தனை வருஷத்தில் அவர் எனக்காகச் சொன்ன பதில்களில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். முகத்தில் எதுவும் தெரியக்கூடாது என்று என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரை இவர் மில் வேலைக்கு எடுத்துப்போய்விடுகிறார். அதனால் கிழவர்களைக் கிளினிக்குக்கு ஏற்றிப்போகும் பஸ்ஸிலேயே நானும் ஏறிக்கொள்கிறேன். அந்தத் தகட்டுக்குக் கீழேதான் என் இருக்கை. சர்ச் மிஷின் கனமான மின்சார மிஷின், தொட்டால் ஓடுகிறது. வாராந்திரத் தாள் சீக்கிரம் முடிந்துவிடும், மிச்ச நேரமெல்லாம் என்னுடையது. பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் பாதியை அடித்துவிட்டேன். நேற்று கெய்ல் பக்கத்தில் நின்று மணி பார்த்தாள். "அறுபத்திரண்டு. நீ கிளம்பலாம்மா. அப்பாவுக்கு முட்டை வேகவைக்கக் கத்துக்குடுத்துட்டு நானும் மில்வாக்கிக்குப் போறேன்" என்றாள். நான் சொன்னதைக் கேட்காமல் உன் முதலாளியிடம் நீ இடத்தைப் பிடித்து வைத்தாயே, மே மாதம் வரை பொறுப்பார் என்று, உனக்கு எப்படி நன்றி சொல்வேன்? கெய்லின் பள்ளிப் படிப்பும் மேயில் முடிகிறது.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் ஆரம்பித்தால், "இல்ல, நீ அப்படி நெனைக்கல" என்று எனக்கும் சேர்த்து அவரே பதில் சொல்லி, நானும் அதை நம்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அவரை நினைத்தாலும் பாவமாக இருக்கிறது. தான் என்ன செய்தோம் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

போன வெள்ளிக்கிழமை ஓட்டலில் அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று வீட்டிலிருந்தே நினைத்துக்கொண்டு போயிருந்தேன். வாயைக்கூடத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. "அவளுக்கு வறுத்த மீன்" என்றார். சாப்பிட்டேன்.

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், அக்கா. மே மாதம் நான் வந்து உன் மேஜையில் உட்கார்ந்ததும், என்ன சாப்பிடுகிறாய் என்று என்னைக் கேள். பதில் சொல்ல எனக்கு நேரம் ஆகும். நீயாக எதையும் வைத்துவிடாதே. சொல்லும்வரை காத்திரு.

கடவுள் உனக்கு அந்தப் பொறுமையைக் கொடுக்கட்டும்.

உன் தங்கை,
ஆர்லீன்