புள்ளி வைத்த கடிதங்கள்

வியாழக்கிழமை, காலை

என் பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய உங்களுக்கு,

இங்கே நானும் நம் மகள் பெரியவளும் நலம். சமையலறைக் குழாய் திரும்பவும் சொட்டுகிறது, அடியில் வாளி வைத்திருக்கிறேன். அச்சகத்துக்கு முந்நூறு பக்கத்தில் ஒரு பாடப்புத்தகம் வந்திருக்கிறது. முதல் பக்கத்திலேயே பதினொரு பிழை. எழுதினவருக்குப் பெயருக்குப் பின்னால் மூன்று பட்டம். இருபத்தாறு வருஷமாகப் பிழை திருத்துகிறேன், பட்டம் கூடக் கூடப் பிழையும் கூடுகிறது.

செவ்வாய்க்கிழமை உங்கள் கடிகாரத்துக்காகப் போனேன். அந்த வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக நீங்கள் வீட்டுக்கு வரும் நாளில், உங்கள் கையில் சாவி கொடுக்கிற பழைய கடிகாரம் ஒன்றைக் கட்ட வேண்டும் என்பது நம் பேச்சு. எதைப் பார்க்கணும், எதில் ஏமாறக் கூடாது என்று போன வருஷம் நீங்கள் எழுதியனுப்பிய இரண்டு பக்கத்தையும் பையில் எடுத்துக்கொண்டேன். உங்கள் கடைசிக் கடிதமும் அன்று காலைதான் வந்திருந்தது. அதையும் அதே பையில் போட்டேன்.

செருப்புக் கடைக்கு மேலே, மாடியில் ஒற்றை அறை. கடிகாரக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். உங்கள் குறிப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது என்னம்மா, சுருக்கெழுத்தா?” என்றார். “இல்லீங்க, என் வீட்டுக்காரர் புள்ளி வைக்க மாட்டார்” என்றேன். பிழை திருத்துகிறவளுக்கு வாய்த்த புருஷனைப் பாருங்கள்! ‘முதலில எழுததைப பார’ என்று ஆரம்பித்திருந்தீர்கள். அவருக்காக நானே வாசித்துக் காட்டினேன். எழுத்தைப் பார். முள்ளின் நீளத்தைப் பார். முதுகில் வெட்டியிருக்கிற எண் தேய்ந்திருக்கிறதா பார். ஓரங்கள் மழுங்கியிருந்தால் மெருகு போட்டிருக்கிறான் என்று அர்த்தம். பளபளப்பாக இருந்தால் எழுந்து வந்துவிடு. “ஆளு விவரந்தான்” என்றார் கடிகாரக்காரர்.

முதலில் அவர் காட்டியதில் முள் ஒரு கம்பெனி, மூடி ஒரு கம்பெனி. ஒரிஜினலா என்று கேட்டேன். “எல்லாம் ஒரிஜினல்தாம்மா. மூணு கடிகாரத்தோட ஒரிஜினல்” என்றார். நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்தேன்.

பிறகு ஒரே மாதிரி இரண்டு கடிகாரங்களைத் துணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றின் முகம் வெள்ளை வெளேரென்று இருந்தது. இன்னொன்றில் நாலு மணிக்குப் பக்கத்தில் தேநீர்க் கறை மாதிரி ஒரு திட்டு. கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்ஸைக் கொடுத்து, எது சரி என்று என்னையே சொல்லச் சொன்னார். வெள்ளையானதன் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் தப்பாம். “நாப்பது வருஷ முகத்துல நேத்து எழுதுன மாதிரி எழுத்து இருக்கு பாருங்க. பழசைச் சுரண்டிட்டுப் புதுசா எழுதியிருக்கான். தப்பா எழுதி மாட்டிக்கிறவன் கம்மிம்மா. ரொம்பச் சரியா எழுதித்தான் மாட்டிக்குவான்” என்றார்.

லென்ஸ் என் கண்ணிலேயே இருந்தது. ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. பையிலிருந்து காலையில் வந்த கடிதத்தை எடுத்து, உங்கள் குறிப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

சாய்வு உங்கள் சாய்வுதான். ‘ழ’வின் வால்கூட உங்களுடையதுதான். ஆனால் எல்லாப் புள்ளியும் இருக்கிறது. ஒன்றுகூட விடவில்லை. வீட்டுக்கு வந்து, நாலு மாதமாக வந்த மற்ற மூன்று கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். அவற்றிலும் அப்படித்தான். பிழை இருந்தால் என் கண் தானாக நிற்கும். பிழையே இல்லாத இடத்தில் நிற்காது. இத்தனை வருஷத் தொழில் எனக்குக் கொடுத்த புத்தி அதுதான்.

நீங்கள் சொல்லச் சொல்ல யாராவது எழுதினார்களோ என்றும் யோசித்தேன். அப்படியானால் ‘அன்பு மனைவிக்கு’ என்று ஏன் வருகிறது? கல்யாணமான மாதத்திலிருந்து நான் உங்களுக்கு ‘அனபுளள திருததமமா’தானே. கடிகாரத்தைப் பற்றி ஒரு வரி இருந்தது. ‘புதிது போலப் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.’ அதை நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

தொண்டையில் சிகிச்சை, மருத்துவர் பேசக் கூடாது என்கிறார், அதனால் ஞாயிற்றுக்கிழமை போன் வராது என்று இந்த நாலில் முதல் கடிதத்தில் இருந்தது. நான் நம்பினேன். மிளகும் தேனும் சாப்பிடச் சொல்லிப் பதில் போட்டேன்.

பயமாக இருக்கிறது என்று எழுத வேண்டும். பயம் வரவில்லை. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி இருக்கிறது. நேற்று துணி துவைத்தேன், அச்சகத்துக்குப் போனேன், நாற்பது பக்கம் திருத்தினேன். பெரியவளிடம் இன்னும் சொல்லவில்லை. அழுகை வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அதுவும் வரவில்லை.

கறை படிந்த கடிகாரத்தைத்தான் வாங்கியிருக்கிறேன். கறையை எடுத்துத் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ஒரு முழுச் சாவிக்கு ஒன்றரை நாள் ஓடுமாம். நேற்றும் சாவி கொடுத்தேன், இன்றும் கொடுத்தேன்.

அவர் அறையில் எதிர்க்கட்டிலில் படுக்கிற தம்பி, இனி உனக்கு எழுதுகிறேன். தம்பி என்ற உரிமையில் நீ என்றே சொல்கிறேன். ‘எதிரககடடில தமபிககுக கையெழுதது முததுப போல’ என்று அவர் ஒருமுறை எழுதியிருக்கிறார். நீதான் கிரேன் ஓட்டுகிறவன், நீதான் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவன். அந்த அறையில் அவர் எழுத்தை இவ்வளவு நாள் உட்கார்ந்து பழக வேறு யாருக்குப் பொறுமை இருக்கும்?

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரே உன்னிடம் கேட்டுக்கொண்டாரோ, நீயாக இரக்கப்பட்டாயோ, தெரியாது. பெரியவள் பரீட்சை முடிகிறவரை எதுவும் தெரிய வேண்டாம் என்று இருந்திருக்கலாம். பரீட்சை போன வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது, தம்பி. நன்றாக எழுதியிருக்கிறாள்.

அவர் கையில் ஒரு காகிதத்தைக் கொடு. ‘அன்பு’ என்று ஒரே ஒரு வார்த்தை எழுதட்டும். படுத்துக்கொண்டே எழுதினாலும் சரி, கோணலாக இருந்தாலும் சரி. புள்ளி இருக்காது. நான் திருத்த மாட்டேன்.

காகிதம் கொடுக்க முடியாத நிலை என்றால், உன் பெயரிலேயே எனக்கு எழுது. எல்லாப் புள்ளியும் வைத்தே எழுது. நான் படித்துக்கொள்கிறேன்.

நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
திருத்தம்மா