மையத்திலிருந்து ஒரு கோடு

இன்று மாலை செம்பூர் வகுப்பில் வட்டப் பாடம் தொடங்கினேன். பலகையில் படம் வரைந்து, தெரியாத கோணத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுத் திரும்பினால், முதல் பெஞ்சுப் பெண் தன் நோட்டில் மையத்திலிருந்து ஒரு கோடு இழுத்திருந்தாள். நான் கேள்வியையே இன்னும் சொல்லவில்லை. பென்சிலை அழுத்தாமல், ஒரே இழுப்பு. அந்த இழுப்பு எனக்குத் தெரியும்.

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"மம்மிதான் மிஸ். அவங்க சின்ன வயசுல தாராவில ஒரு டீச்சர்கிட்ட டியூஷன் போனாங்களாம். ஒண்ணும் புரியலன்னா மையத்துல இருந்து ஒரு கோடு போடு, மிச்சத்த வட்டமே சொல்லும்னு அந்த டீச்சர் சொல்வாங்களாம்."

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. என் வகுப்பில், என் பலகைக்கு முன்னால், நான் வாய் திறப்பதற்குள் நீ பாடம் நடத்திவிட்டாய். "சரி, மேல போடு" என்று சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வயிறு எரிந்தது. இறந்தவள்மேல்கூடவா என்று நீ சிரிப்பாய். ஆமாம், இறந்தவள்மேல்கூடத்தான்.

தாராவியில் நாம் சேர்ந்து டியூஷன் எடுத்த மாடி அறைக்குக் கீழே தோல் பட்டறை. பசை வாடை ஏணி வழியாக ஏறி வந்து பிள்ளைகளின் தலைமுடியில் ஒட்டிக்கொள்ளும். உனக்கு ஒரு சுவர், எனக்கு எதிர்ச்சுவர். விளிம்பில் அமையும் கோணம் எதிரே உள்ள வில்லில் பாதி என்பதை என் பக்கத்துப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் கணக்குப் போடுவது என்று வந்துவிட்டால் ஒவ்வொருவராக உட்கார்ந்தபடியே நகர்ந்து உன் சுவருக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொரு கணக்கையும் வீட்டில் போட்டுப் பார்க்காமல் நான் வந்ததே இல்லை. நீ புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

செம்பூரில் இந்த வகுப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு உன்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு வந்தவள் நான்தான். வகுப்பை நடத்தியவர் நம் இருவருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்தார். இரண்டு சம வட்டங்கள். ஒவ்வொன்றும் மற்றதன் மையம் வழியாகப் போகிறது. ஒன்றின் வில் மற்றதற்குள் எத்தனை டிகிரி இருக்கிறது? கோணம் என்று ஓர் எண்கூடக் கிடையாது. நான் கோசைன் வரை போய், பலகையை நிறைத்து, நூற்றிருபது என்று சரியாகவே முடித்தேன். உன் முறை வந்தது. நான் எழுதியதை அழிக்காமல், மூலையில் மிஞ்சியிருந்த இடத்தில், இரண்டு மையங்களிலிருந்தும் வட்டங்கள் வெட்டும் இடங்களுக்குக் கோடு இழுத்தாய்.

"எல்லாம் ஒரே ஆரம் சார். அப்போ ரெண்டும் சமபக்க முக்கோணம். அறுபதும் அறுபதும் நூத்திருவது."

அவர் உன்னைத்தான் வேலைக்குக் கேட்டார். நீ மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாய். "நான் வரல சார். இவள எடுத்துக்கிடுங்க, நல்லாச் சொல்லிக் கொடுப்பா."

திரும்பும்போது பஸ்சில் உன்மேல் எரிந்து விழுந்தேன். "ஏன்டி வேண்டாம்னு சொன்ன?"

"தெனமும் பஸ்ல தொங்கிக்கிட்டு செம்பூர் வரைக்கும் யாரு வாரது? எனக்கு நம்ம தோல் வாடையே போதும்ட்டி."

நான் கெஞ்சினாலும் கிடைக்காததை நீ ஜன்னல் வழியாக உமிழ்கிற வெற்றிலை மாதிரி துப்பிவிட்டு, தலையைச் சாய்த்துத் தூங்கியும் போனாய். அந்த வேலையில்தான் இன்றுவரை இருக்கிறேன். இப்போது இந்த வகுப்பே என் கையில். வாசலில் என் பெயர். அதைப் பார்க்கும்போதெல்லாம் உன் தலையாட்டல்தான் தெரியும்.

பிறகு உன் கிட்னி போயிற்று. வாரம் தவறாமல் டயாலிசிஸ். நீ மெஷினோடு படுத்திருக்கும் மத்தியானங்களில் நான் வந்து உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் வேண்டுமென்றே ஒரு கணக்கோடு வந்தேன். மையத்துக்குக் கோடு போட்டால் தொலைந்துபோகிற கணக்காகப் பார்த்துத் தேடி எடுத்திருந்தேன். வட்டத்துக்குள் ஒரு நாற்கரம். எதிரெதிர்ப் பக்கங்களை நீட்டினால் வெளியே இரண்டு இடங்களில் சந்திக்கின்றன. அங்கே நாற்பதும் முப்பதும். நாற்கரத்தின் இந்த மூலைக் கோணம் என்ன?

ஊசி குத்தாத கையால் பென்சிலை வாங்கினாய். மையத்திலிருந்து ஒரு கோடு. இன்னொன்று. நாலு மூலைக்கும் போட்டுவிட்டாய். படம் சிலந்தி வலையாகிவிட்டது. நர்ஸ் வந்து போனாள். நீ நிமிரவில்லை.

"சொல்லித் தொலைட்டி" என்றாய் கடைசியில்.

"கோடே வேண்டாம். அந்த மூலை ரெண்டு பெரிய முக்கோணத்துல இருக்கு. ரெண்டையும் கூட்டுனா முந்நூத்தறுபது. வெளிய உள்ளது எழுபது. மத்த ரெண்டு மூலையும் எதிரெதிர்க் கோணம், தனித்தனியா தெரியாட்டாலும் சேத்தா நூத்தெண்பது. மிச்சம் நூத்திப்பத்து, அதுல பாதி. அம்பத்தஞ்சு."

நீ தாளையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். "இது எனக்கு ஏன் தோணல?" என்றாய். குரலில் சிரிப்பு இல்லை. "உனக்கு எப்படித் தோணிச்சு?" என் பதிலுக்குக் காத்திருக்காமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

அந்த முகம் எனக்கு நன்றாகப் பழக்கம். உன் சுவருக்கு எதிரே உட்கார்ந்து இத்தனை வருஷமும் நான் வைத்திருந்த முகம் அது.

அன்று ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல், வாசல் காற்றில் நின்றுகொண்டே வீடு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

உன்மேல் பொறாமைப்பட்டவர்கள் எத்தனையோ பேர் இருப்போம். என்மேல் பொறாமைப்பட்டது நீ ஒருத்திதான். யாரிடமும் சொல்லாமல், அதை நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.