கிரேனில் தண்ணீர் குடிப்பதில்லை

6 ஏப்ரல் 2007, வெள்ளி

காலையிலிருந்து புழுதிக் காற்று. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி அடைத்தும் வாயெல்லாம் மண். லீவு நாள். துணி துவைத்தாயிற்று. முருகேசனின் பனியன் ஒன்றும் என் வாளிக்குள் வந்துவிட்டது. அதையும் துவைத்தேன், வேறென்ன செய்ய.

புது டைரி. கபீர் பாய் கடையில் சும்மா கொடுத்தார். பிற்பாடு படித்தால் எனக்கே மறந்திருக்கும், அதனால் யார் எவர் என்று எழுதி வைக்கிறேன். மு. = முருகேசன், அரியலூர்க்காரன். ரூமில் எனக்குக் கீழ்க்கட்டில். சைட்டில் தரையில் நின்று வாக்கி டாக்கியில் எனக்குச் சிக்னல் சொல்பவன். நான் டவர் கிரேன் ஆபரேட்டர், மேலே. ரூம் ஷார்ஜா சனையாவில், அதாவது தொழிற்பேட்டையில், கராஜ்களுக்குப் பின்னால். சைட் துபாயில்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று சாயங்காலம் இறங்கிப் போனால் மூத்திரம் டிக்காக்‌ஷன் நிறம். எரிச்சல் வேறு. பயந்துவிட்டேன். இன்று கிளினிக் போனேன். மலையாளி டாக்டர், சின்ன வயசு.

"ஒரு நாள் எத்தர வெள்ளம் குடிக்கும்?"

காலையில் ஒரு டீ, அப்புறம் மத்தியானச் சாப்பாட்டோடு கொஞ்சம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்தச் சூட்டிலா என்று கேட்டார். ஆமாம், இந்தச் சூட்டில்தான். எத்தனை வருஷமா? கிரேன் ஏறிய நாளிலிருந்து.

அவருக்கு எப்படிப் புரியவைப்பது. மேலே கக்கூஸ் கிடையாது. ஏணி வழியே இறங்கிப் போய்விட்டு மறுபடி ஏறி வருவதற்குள் கீழே கான்கிரீட் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். போர்மேன் கத்துவான். மற்ற ஆபரேட்டர்கள் பாட்டில் கொண்டுபோவார்கள். எனக்கு அந்த அசிங்கம் பிடிக்காது. ஆகவே குடிக்காமல் ஏறுவது. அதில் பெருமையும் உண்டு. "தங்கராசைப் பார், நீச்சே நஹி ஆத்தா" என்று, கீழேயே இறங்கமாட்டான் என்று, போர்மேன் புது ஆட்களிடம் என்னைக் காட்டித்தான் சொல்வான்.

பிரஷரும் அதிகம் என்றார். ஒரு மாத்திரை எழுதினார். நிறையத் தண்ணீர், உப்பு குறை, தினம் நட. ரத்தப் பரிசோதனைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு வரவேண்டுமாம். லேப் திறக்கும்போது நான் ஆகாயத்தில் இருப்பேன். பார்க்கலாம்.

8 ஏப்ரல், ஞாயிறு

டாக்டர் பேச்சைக் கேட்டு எழுந்ததும் ஒரு பாட்டில் முழுக்கக் குடித்தேன். அதற்குப் பலன் பஸ்ஸிலேயே. துபாய் ரோடு வழக்கம்போல நகரவில்லை. முன்னால் லாரி, பின்னால் லாரி. கால் மாற்றிக் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மு. சிரிக்கிறான், படுபாவி.

சைட்டில் இறங்கி ஓடினேன். சரி, தீர்ந்தது என்று ஏறினால் கொஞ்ச நேரத்தில் மறுபடி. வாக்கி டாக்கியில் சொன்னேன்.

"மு., நான் எறங்கணும்டா."

"என்னண்ணே, கான்கிரீட் பக்கெட் தொங்குதுண்ணே. கொட்டிட்டு எறங்குங்க."

"முடியலடா."

இறங்கினேன். போர்மேன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். "க்யா ஹுவா தங்கராசு? புட்டா ஹோ கயா?" கிழவனாகிவிட்டாயா என்கிறான். ஐம்பத்தொன்று. சுற்றி நின்ற நேபாளிப் பையன்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

10 ஏப்ரல், செவ்வாய்

காற்று இல்லை. புழுக்கம். இரண்டாவது கிரேனில் இருக்கும் பதான்காரன் நேற்றுத் திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தான். கதை அவனுக்கும் போயிருக்கிறது. "பாய், போத்தல் லே ஜாவ். சரம் க்யா?" பாட்டில் கொண்டுபோ, வெட்கம் என்ன என்கிறான். அவனுக்கு இல்லை. எனக்கு இருக்கிறது.

இன்று கொண்டுபோனேன். வாய் அகன்ற ஜூஸ் பாட்டில். கறுப்புக் கவரில் சுற்றி, சாப்பாட்டுக் கேரியர் படாமல் தனிப் பை. நாலு பக்கமும் கண்ணாடிக் கூண்டு, எதிர் பில்டிங்கில் ஆட்கள். குனிந்து உட்கார்ந்து… எழுதவே கூசுகிறது. ஆனால் போர்மேன் ஒன்றும் கத்தவில்லை. மூத்திரமும் சாயங்காலம் வெளுத்திருந்தது. சந்தோஷம்.

13 ஏப்ரல், வெள்ளி

வாங்க வேண்டியது: சோப்பு, வெந்தயம், பிளேடு, போன் கார்டு.

சாயங்கால அஸர் தொழுகை முடித்து கபீர் பாய் வந்தார். இனி வெள்ளிதோறும், முடிந்தால் தினமும், நடை. பாய்க்குத் தொண்டி. கேம்ப் வாசலில் பலசரக்குக் கடை. அவருக்கும் பிரஷர், ஆனால் அவர் கருஞ்சீரகத்தோடு சரி. டயர்க் கடைகள் தாண்டி, வெல்டிங் ஷாப்புகள் தாண்டி, சாக்கடை நாற்றத்தில் நடந்தோம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆரோக்கியம் தேடுகிறோம்.

"தங்கராசு, நாப்பதுலயே இதெல்லாம் ஆரம்பிச்சிருக்கணும்ப்பா."

"நாப்பதுல யார் பாய் சொன்னா?"

"சொன்னாலும் கேட்டிருப்போமா நாம!"

சமையல் முறை இன்று என்னுடையது. குழம்பில் உப்பைப் பாதியாக்கினேன். கருவாடு பொரிக்கவில்லை. ரூமே எழுந்து நின்றது. "என்னண்ணே இது, ஆஸ்பத்திரிக் குழம்பு?" என்று மு. மூலைக் கட்டில் பழனி ஊறுகாய் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டான். எனக்கும் நாக்கு செத்துத்தான் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

சரசுவுக்குப் போன். தண்ணீர் குடிக்கிறேன், நடக்கிறேன் என்று பெண்டாட்டியிடம் சொன்னேன். எரிச்சல், பிரஷர் பற்றிச் சொல்லவில்லை. "இப்பவாச்சும் புத்தி வந்துச்சே. எத்தன வருசமா கத்துறேன்" என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த லீவோடு விசாவைக் கேன்சல் பண்ணிக்கொண்டு போய்விடுவதென்று முடிவு. கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம். லீவு லீவாகச் சேர்ந்து இருந்ததைக் கூட்டினால் மூன்று வருஷம் தேறுமா என்பதே சந்தேகம். போய் அவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சண்டை போட வேண்டும். அதற்கு உடம்பு வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

27 ஏப்ரல், வெள்ளி

மு.வின் தங்கச்சி மாப்பிள்ளை ஊரிலிருந்து வந்தான். முறுக்கு, பருப்புப்பொடி, ரூமுக்குப் பொதுவாக இடுப்புவலி மாத்திரை ஒரு பொட்டலம். யார் ஊருக்குப் போனாலும் வரும்போது கட்டாயம் கொண்டுவருவது. பங்கு பிரித்தோம். என்னுடையது தீர்ந்து நாலு நாளாக இடுப்பு கழன்று விழுகிற மாதிரி. நாள் முழுக்க அந்த சீட்டில் குனிந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தால் வேறென்ன ஆகும். காலையில் ஒன்று போட்டுத்தான் ஏணியில் கை வைப்பது. மத்தியானம் ஒன்று. எத்தனையோ வருஷப் பழக்கம்.

ரத்தப் பரிசோதனை இன்னும் போகவில்லை. மூத்திரம் சரியாகிவிட்டதே.

11 மே, வெள்ளி

வெயில் ஏறிவிட்டது. ஸ்டீயரிங்கைத் தொட்டால் சுடுகிறது என்று பஸ் டிரைவர் துணி சுற்றி ஓட்டுகிறான்.

தண்ணீர், நடை, அரை உப்பு எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஆனால் சாயங்காலம் ஷூ கழற்ற வரவில்லை. சாக்ஸ் பட்டை பதிந்த இடத்தில் பள்ளம். அழுத்தினால் விரல் தடம் அப்படியே நிற்கிறது. கபீர் பாய் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். "நடை வேணாம் இன்னிக்கி. டாக்டர்ட்ட காட்டு." மு. சொன்னது: "ரொம்பத் தண்ணி குடிக்கிறீங்கண்ணே, எறங்க எடமில்லாம கால்லயே நிக்கிது." எல்லாரும் சிரித்தோம். நானும்.

சூட்டுக்கு வீங்கும் என்று பழனி சொல்கிறான். இருக்கும்.

20 மே, ஞாயிறு

காலையில் கண்ணாடியில் வேறு யாரோ. கண் இமை இரண்டும் உப்பி, முகம் பெரிதாகி.

ஏணியில் பாதிகூட ஏறவில்லை, மூச்சு வாங்கியது. நின்றேன். மேலே பார்த்தால் ஏணி, கீழே பார்த்தால் ஏணி. விழுந்துவிடுவேன் என்று நிஜமாகவே நினைத்தேன். கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, மேல போய்ட்டீங்களா? லாரி வந்துருச்சு."

பதில் சொல்ல மூச்சு இல்லை.

"அண்ணே? அண்ணே, பேசுங்கண்ணே!"

மு.தான் ஏறி வந்து ஒவ்வொரு படியாக என் காலைப் பிடித்து வைத்து இறக்கினான். அழுதுகொண்டே வந்தான். போர்மேன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கம்பெனி வண்டியில் ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன், படுக்கை.

22 மே, செவ்வாய்

ஆஸ்பத்திரி. ஏசி குளிர். எதிர்க்கட்டிலில் ஒரு பெங்காலிக்கு ஓயாமல் இருமல்.

பெரிய டாக்டரம்மா வந்தார். எந்த ஊரோ, இங்கிலீஷ் பேசினார். நர்ஸ் நாகர்கோவில் பெண், தமிழில் சொன்னாள். இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன. இப்போது வந்ததல்ல, பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. மருந்தால் பழைய நிலைக்குத் திருப்ப முடியாது. சீக்கிரம் மெஷினில் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டிவரும், வாரா வாரம், ஆயுசுக்கும். ஊருக்குப் போய் வீட்டாரோடு இருந்து பண்ணிக்கொள்வது நல்லது.

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பையில் இருந்த இடுப்புவலி மாத்திரை அட்டையைக் காட்டினேன். டாக்டரம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாரு எழுதிக் குடுத்தா?" நர்ஸ் கேட்டாள்.

"யாரும் எழுதலம்மா. எல்லாரும்தான் சாப்பிடுறோம்."

"தெனமுமா? தண்ணியாவது நல்லா குடிச்சீங்களா?"

"தெனமும்தான். கிரேன் ஏறுனா தண்ணி குடிக்கிறதில்லம்மா."

அவள் அதை டாக்டரம்மாவுக்கு இங்கிலீஷில் சொன்னாள். பிரஷர், மாத்திரை, தண்ணீர் இல்லாமை, மூன்றும் சேர்ந்து செய்த வேலையாம். ஒன்றையாவது அப்போதே சரிபண்ணியிருந்தால் என்று கேட்டேன். தாங்கியிருக்கும் என்றார்.

நான் இப்போது நன்றாகத் தண்ணீர் குடிக்கிறேன் என்றேன். ஏதோ மார்க் வாங்கப் போகிற பிள்ளை மாதிரி சொன்னேன்.

கூடாதாம். அந்த நாள் போய்விட்டதாம். குடிக்கிற தண்ணீரை வெளியே தள்ள கிட்னிக்குச் சத்து இல்லை, அதுதான் கால், முகம், நெஞ்சு என்று தேங்குகிறது. இனி ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில். அதற்குள் டீ, ரசம், மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அடக்கம். தாகமெடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

நர்ஸ் போன பிறகு போர்வையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதேன். பெங்காலி இருமலை அடக்கிக்கொண்டான். பாவம், நல்லவன்.

25 மே, வெள்ளி

ரூமுக்கு வந்தாயிற்று. வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. எழுதிக் கொடுத்த மருந்து ஒரு பை நிறைய. மு. எனக்குத் தனியாக உப்பில்லாமல் கஞ்சி வைத்தான். டாக்டரம்மா சொன்னதை எல்லாரிடமும் சொன்னேன். மு. எழுந்து, பெட்டியைத் திறந்து, இடுப்புவலி மாத்திரைப் பொட்டலத்தை அப்படியே குப்பைக் கூடையில் போட்டான். 

நான் கக்கூஸ் போய்விட்டு வந்தால் பழனி கூடைக்குள் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

"முட்டி தாங்கலண்ணே. நாளைக்கி ஷட்டரிங் வேல. நீங்க பாத்ததா வச்சிக்காதீங்க."

அடேய் என்று ஆரம்பித்தேன். பிறகு கட்டிலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். நாளைக்கு அவன் பலகை தூக்கித்தான் ஆக வேண்டும்.

29 மே, செவ்வாய்

விசா கேன்சல் பேப்பர் எல்லாம் முடிகிறவரை தரையில் ஸ்டோர் டியூட்டி. உட்கார்ந்த இடம், நிழல், பத்தடியில் தண்ணீர் கூலர், அதற்கு அடுத்து கக்கூஸ். ஒவ்வொருத்தனாக வந்து மடக் மடக்கென்று குடித்துவிட்டுப் போகிறான். பார்க்காமல் இருக்கச் சாமான்களை எண்ணினேன். உதடு வெடித்துவிட்டது. ஒரு துண்டு ஐஸை வாயில் வைத்துக்கொண்டேன். அதற்கும் கணக்கு உண்டு. மு. தண்ணீர் குடிக்க வந்து, என்னைப் பார்த்து, குடிக்காமலே போனான். கூப்பிட்டுத் திட்டிக் குடிக்க வைத்தேன். "குடிடா, உனக்கு இன்னும் நேரம் இருக்கு."

என் கிரேனில் புது ஆள், தெலுங்கன், முப்பது வயசு இருக்கும். காலையில் ஏறியவன் சாப்பாட்டு நேரம் வரை இறங்கவில்லை. போர்மேன் அவன் முதுகைத் தட்டி "ஷாபாஷ்" என்றான். அங்கேயே அறைந்திருப்பேன், போர்மேனையா தெலுங்கனையா என்று கேட்டால் தெரியாது. தெலுங்கனைத் தனியாகப் பிடித்து எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். "அச்சா பாய், அச்சா" என்று தலையாட்டினான். அவன் கையில் காலையில் நிரப்பிய தண்ணீர் பாட்டில். மூடியே திறக்கவில்லை.

1 ஜூன், வெள்ளி

சூடு. டிக்கெட் வந்துவிட்டது. கபீர் பாய் பெட்டி கட்ட கயிறு கொடுத்தார். காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார். என் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார், ஏதோ துவா ஓதினார். பிறகு அவரே தன் பிரஷரைப் பார்க்க கிளினிக் போனார்.

சரசுவுக்குப் போன். வருகிறேன், மொத்தமாக வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். நோய் பற்றி நேரில் சொல்லிக்கொள்ளலாம். போனில் அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

"தண்ணி குடிக்கிறீங்கல்ல?"

"குடிக்கிறேன்."

"டிவில ஒரு டாக்டர் சொன்னாரு. ராத்திரி செப்புப் பானையில ஊத்தி வச்சி, காலைல எந்திரிச்சதும் வெறும் வயித்துல ரெண்டு சொம்பு குடிக்கணுமாம். வயசான காலத்துல ஒரு நோவும் அண்டாதாம். நேத்துதான் பெரம்பலூர் போயி ஒரு பானை வாங்கியாந்தேன். புளி போட்டு வெளக்கி வச்சிருக்கேன். நீங்க வந்ததும் தெனமும் நானே மோந்து குடுக்குறேன், பக்கத்துல நின்னு. சரியா? குடிப்பீங்கல்ல?"

"குடிக்கிறேன் சரசு."

"ரெண்டு சொம்பு."

"ரெண்டு சொம்பு" என்றேன்.