சட்டியில் காணாமற்போன பீன்ஸ்

அண்ணை, ஏழு வருடங்களாக நீங்களும் நானும் வெளியே சொல்லாத ஒன்றை இன்று எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். அந்த மாசிமாதத்து அலுவலக விருந்தில், எல்லாரும் வாயடைத்து நின்ற நேரத்தில் எழுந்த சத்தம் நான் உட்கார்ந்திருந்த கதிரையிலிருந்து வரவில்லை. என்னிலிருந்துதான் வந்தது.

காலையில் அடுப்பில் சிவப்பு பீன்ஸ் கொதிக்கத் தொடங்கியதும் அந்த ஈரமண் வாசம் குசினி முழுக்கப் பரவியது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி. எனக்கு உங்கள் நினைவு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. நாற்பத்தாறு வயதுக்காரன் வெட்கப்படுவதை மனைவி பார்த்துவிடக்கூடாது என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது நாங்கள் இருவரும் ரொறன்ரோவில் பதினோராம் மாடியில் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரே கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை. எனக்கு வேலை நிரந்தரம்; உங்களுக்கு ஆறுமாதத் தகுதிகாண் காலம். அது நிரந்தரமானால்தான் நான் அக்கா என்றழைக்கும் உங்கள் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிடலாம். அதற்குக் கையெழுத்து வைக்க வேண்டியவர் எங்கள் மேலதிகாரி. அமெரிக்காவின் ரெக்சஸ் பக்கத்து மனிதர். ஒவ்வொரு குளிர்காலமும் அவர் ஒரு மத்தியான விருந்து வைப்பார்: ஆளுக்கொரு சட்டி சில்லி, அதாவது அவர் ஊர் மிளகாய் இறைச்சிக் குழம்பு, சமைத்துக் கொண்டுவர வேண்டும்.

சில்லி விஷயத்தில் அந்த மனிதருக்கு மதப்பற்று உண்டு. இறைச்சி, மிளகாய், பொறுமை, அவ்வளவுதான். பீன்ஸ் போட்டால் அதன் பெயர் சூப் என்பார். முந்தைய வருடம் கணக்குப் பகுதி அம்மா ஒருவர் பீன்ஸோடு மக்ரோனியும் போட்டுக் கொண்டுவந்தார். மேலதிகாரி அந்த அம்மாவோடு இரண்டு கிழமை பேசவில்லை. அந்த அம்மாவுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது என்று தட்டச்சுப் பிள்ளை சொன்னாள். அதை நான் நாலு பேருக்கு மட்டும் சொன்னேன்.

நீங்களோ பீன்ஸ் கட்சி. அதிலும் ரின்னில் அடைத்து விற்கும் பீன்ஸ் ஆகாது. முதல்நாளே ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் அவிக்க வேண்டும். மாட்டிறைச்சிக்குப் பதில் கென்சிங்டன் மார்க்கெற்றில் தேடிப்பிடித்த ஆட்டிறைச்சி. பெருஞ்சீரகம் தூக்கலாக, வறுத்து இடித்த எங்கள் ஊர்த் தூள். விருந்துக்கு முதல்நாள் பின்னேரம் நீங்கள் வெங்காயம் வதக்க, நான் பக்கத்தில் நின்று கெஞ்சினேன்.

“அண்ணை, இந்த ஒருக்கால் பீன்ஸ் போடாதேங்கோ. அந்தாள்தான் கையெழுத்து வைக்கவேணும்.”

“அந்தாள் கையெழுத்து வைக்கிறது நான் கீறுற படத்துக்கு. என்ரை சட்டிக்கு இல்லை.”

“அக்காவும் பிள்ளையளும் அங்கை பாத்துக்கொண்டு நிக்கினம்.”

“அவைக்கும் பீன்ஸ் விருப்பம்தான்.”

“உங்களுக்கு விசர் அண்ணை.”

“ஓம். நீ தள்ளி நில், எண்ணெய் தெறிக்கும்.”

உங்கள் முகத்தில் ஒரு துளி கவலை இல்லை. அந்த நிம்மதியைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கவலை கூடியது. உங்கள் பங்கையும் சேர்த்து நானே பட்டேன்.

மறுநாள் காலை நீங்கள் குளிக்கப் போனீர்கள். நீங்கள் குளியலறைக்குள் போனால் தேவாரம் முழுக்கப் பாடி முடித்துத்தான் வெளியே வருவீர்கள். நான் கரண்டியை எடுத்தேன். சட்டியிலிருந்து பீன்ஸை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். குப்பையில் போட்டால் நீங்கள் கண்டுபிடிப்பீர்கள். கழுவுதொட்டியில் போட்டால் குழாய் அடைக்கும். சாப்பாட்டை வீசக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன் வேறென்ன செய்வான்? எல்லாவற்றையும் நின்றபடியே தின்றேன். நூறுவரை எண்ணினேன், அதற்குப் பிறகு எண்ணத் தைரியம் வரவில்லை.

விருந்தில் மேலதிகாரி உங்கள் சட்டியில் ஒரு கரண்டி அள்ளி வாயில் வைத்தார். கண்ணை மூடினார். “பீன்ஸ் இல்லை,” என்றார். “இந்தக் கட்டடத்தில் விஷயம் தெரிந்த ஒருவராவது இருக்கிறாரே.”

நீங்கள் சட்டிக்குள் எட்டிப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நன்றி சொல்லிவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் உங்கள் நிதானமான ஆங்கிலத்தில் சொன்னீர்கள்: “மன்னிக்க வேண்டும் ஐயா. பீன்ஸ் இருந்தது. நான் குளிக்கப் போகும்வரை இருந்தது.”

அறையில் எல்லாக் கரண்டிகளும் நின்றன. அக்காவின் விமானம் திரும்பிப் போவதை நான் கண்ணால் கண்டேன். அந்த நிசப்தத்தில்தான், அண்ணை, அந்த நூறும் சொச்சமும் ஒன்றுசேர்ந்து பேசின. சுருக்கமாகவும் பேசவில்லை.

“அந்தக் கதிரை பழையது,” என்றீர்கள் உடனே, மேலதிகாரியிடம். சட்டியைப் பற்றி ஒரு சின்னப் பொய் சொல்ல மறுத்தவர், எனக்காக ஒரு கதிரையின் மேல் கூசாமல் பழிபோட்டீர்கள். மேலதிகாரி கதிரையைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். “அடுத்த வருடம் பீன்ஸோடு கொண்டு வாருங்கள். சாப்பிடமாட்டேன். பார்க்க மட்டும்,” என்றார். இரண்டாம் தடவையும் அள்ளினார்.

பத்து நாள் கழித்து, தேநீர் குடித்தபடி, “வேலை நிரந்தரமாயிட்டுது,” என்றீர்கள். அன்றிலிருந்து அந்த வெற்றி என்னுடையது. பூப்பந்து ஆடப் போன இடம், பொங்கல் கூட்டம், கலியாண வீடு, எங்கும் கதிரைப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சொன்னேன். விமானநிலையத்தில் அக்காவின் கையிலிருந்த பெட்டியை வாங்கும்போதே, “அக்கா, நீங்கள் கனடா வந்தது என்ரை வயித்தாலை,” என்றேன். பாவம், அவர் பயந்துபோனார். நீங்கள் பக்கத்தில் நின்று, “ஓம், அது உண்மைதான்,” என்று தலையாட்டினீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. இப்போது நான் சில்லிக்கு ஆட்டிறைச்சிதான் வாங்குகிறேன். பீன்ஸை ஊறவைத்துத்தான் அவிக்கிறேன். சாப்பிட யார் வந்தாலும், எவ்வளவு பெரிய ஆளானாலும், பீன்ஸ் சட்டியிலேயே கிடக்கும். பிடிக்காதவர்கள் ஒதுக்கிவைத்துச் சாப்பிடலாம். இந்தப் பிடிவாதம் எனக்கு உங்களிடமிருந்துதான் வந்தது, திருப்பித்தரும் எண்ணமில்லை.

போன ஞாயிறு சாப்பிட வந்த அக்கா, நீங்கள் அப்போது ஊருக்கு அவருக்கு எழுதிய நீல வான்கடிதம் ஒன்றை என் கையில் தந்தார். “வேலை நிரந்தரமாகிவிட்டது, அலுவலகக் கடிதம் கையில் கிடைத்தது. தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை. சட்டிக்குப் பக்கத்தில் நின்று எனக்காக அவன் படும் பாடு பார்க்க நன்றாக இருக்கிறது,” என்று எழுதியிருக்கிறீர்கள்.

விருந்து நடந்தது வியாழக்கிழமை. கடிதத்தில் நீங்கள் போட்டிருக்கும் தேதி அதற்கு முதல்நாள்.