உறங்கும் கிழங்கு

செப்டம்பர் 15
என் கணவர் ரொஸேரின் அமரில்லிஸ் பூச்செடிக்கு இன்றோடு தண்ணீர் நிறுத்தம். தொட்டியை நிலவறைக்கு இறக்கினேன். இருட்டும் குளிரும் வறட்சியும் கிடைத்தால்தான் கிழங்கு உறங்கி எழுந்து ஜனவரியில் பூக்கும். அவர் இருந்தவரை இது அவர் வேலை. அவர் போன பிறகு ஒரு குளிர்காலம்கூட நான் தவறவிட்டதில்லை.

மாடியில் குடியிருக்கும் நாத்தனார் ரெஜான் வந்து எட்டிப் பார்த்தாள். "ஒரு வாய் தண்ணி குடுக்காம இருட்டுல அடைக்கிறீங்களே அண்ணி. என் அண்ணனையும் இப்படித்தான் வெச்சிருந்தீங்களா?"
விளக்கை அணைத்துவிட்டுப் படியேறினேன்.

அக்டோபர் 11
மண் ஈரம். தட்டிலும் தண்ணீர் நிற்கிறது. ரெஜானைக் கேட்டேன்.
"சத்தியமா நான் தொடல அண்ணி."
"பின்னே புனித அன்னாள் இறங்கி வந்து ஊற்றினாளா?"
அவளிடமிருந்த என் வீட்டுச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மேசையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மாடியேறினாள். குற்றமுள்ள நெஞ்சு.

அக்டோபர் 12
புது மண் மாற்றினேன். கிழங்கு கெட்டியாக இருக்கிறது.

அக்டோபர் 19
மகன் லூசியன் போனில்: "கெட்டில் கருகின மாதிரி இன்னொண்ணு நடந்துச்சுன்னா, முதியோர் இல்லத்துல இடம் பாத்துடுவேம்மா."
கெட்டில் யார் வீட்டிலும் கருகும்.
ரெஜான் கீழே வருவதில்லை. நடக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது.

நவம்பர் 2
இறந்தோர் திருப்பலிக்குத் தனியாகப் போய் வந்தேன். ரெஜான் ஒரு வாரமாக கத்தினோவில், மகள் வீட்டில். வந்ததும் நிலவறைக்கு இறங்கினேன்.
மண் ஈரம்.
இரண்டு சாவியும் என் கைப்பையில் இருக்கின்றன.
தொட்டிக்கு அடியில் ஒரு துணி. நான்காக மடித்து, ஓரம் வெளியே தெரியாமல் உள்ளே செருகியிருந்தது. கன்னியர் பள்ளியில் மதர் சேன்-அல்ஃபோன்ஸ் விரலில் தட்டித் தட்டிக் கற்றுக்கொடுத்த மடிப்பு. இந்த வீட்டில் வேறு யார் அப்படி மடிப்பார்கள்?
எப்ப எறங்கினேன்? எப்ப ஊத்தினேன்? ஒண்ணுமே ஞாபகம் இல்லையே. அந்தப் படியில, கையில பூவாளியோட—

நவம்பர் 3
கிழங்கின் அடி மெத்தென்று இருக்கிறது. அழுகல்.
ஜெபமாலை எடுத்தேன். எந்த மணியில் நிற்கிறேன் என்று தெரியவில்லை. முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடியும் முதலிலிருந்து.

நவம்பர் 7
ரெஜான் வந்துவிட்டாள். கூப்பிட்டு, மேசையில் சாவியையும் அந்தத் துணியையும் வைத்தேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை.
துணியைக் கையில் எடுத்தாள். "இந்த மடிப்பைப் பாத்து எத்தனை தடவை சிரிச்சிருக்கேன்." இன்று சிரிக்கவில்லை. "லூசியனுக்குத் தெரியணுமா?"
"வேண்டாம்."
"அப்ப பூவாளி மாடியில இருக்கட்டும். கெட்டிலும்தான். டீ வேணும்னா கூப்பிடுங்க. மகாராணி மாதிரி."
அழுகலை வெட்டி, மேலும் பரவாமலிருக்க இலவங்கப்பட்டைத் தூள் தடவினேன். அவள் கிழங்கைப் பிடித்துக்கொண்டாள்.

டிசம்பர் 25
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 21
ஜன்னலருகே ஏற்றி வைத்த தொட்டியில் இரண்டு இலை. மொட்டு இல்லை, இனி இந்த வருஷம் வராது.
ரெஜான் கொண்டுவரும் பூவாளி இன்று காலையில் வரவில்லையே என்று மாடிக்குக் குரல் கொடுத்தேன்.
"கொண்டாந்தேனே அண்ணி. நீங்க ஊத்தினீங்க, நான் திரும்ப எடுத்துட்டு வந்துட்டேன்."
ஈரமா என்று பார்க்க விரல் மண்வரை போனது. தொடாமல் எடுத்துக்கொண்டேன்.
ரெஜான் பொய் சொல்கிறவள் இல்லை.