இடப்பக்க உதடு

1957 ஏப்ரல் 9

கடைவாய்ப் பல் மறுபடியும். இடக்கன்னம் ஊதிக் கிடக்கிறது. விடியுமுன் ஸஹர் சோற்றை வலப்பக்கத்தால் மென்று முடித்தேன். பெருநாள் கழிந்து எனக்குக் கலியாணம். வீங்கின கன்னத்தோடு மாப்பிள்ளையைப் பெண்ணின் ஊர் சாய்ந்தமருதுக்கு அனுப்ப முடியாது என்கிறார் உம்மா. பிடுங்கத்தான் வேண்டும். எனக்கு அதில் ஒரு கருத்தும் இல்லை. களைப்பு மட்டும்.

ஏப்ரல் 11

மட்டக்களப்பு. நோன்பா என்று கேட்டார் பல் டொக்டர் பெனடிக். பெருநாள் முடிய வரச் சொன்னார். ஊசியால் நோன்பு முறியாதென்று பள்ளிவாசல் லெவ்வை சொன்னதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். இல்லை, வாதாடினேன்.

விறைப்பூசி உள்ளே போனது. ஏதோ கசப்பு தொண்டைப் பக்கம் வழிந்தது. விழுங்கினால் முறிந்துவிடும். துப்பவென்று தலையைத் திருப்பினேன். அந்தக் கணம் தாடையிலிருந்து நாக்கு நுனிவரை ஒரு மின்னல். டொக்டர் கையை இழுத்துக்கொண்டார்.

பல் நோகாமல் வந்தது. பின்னேரத்துக்குள் விறைப்பு விட்டுவிடும் என்றார்.

நோன்பு திறக்கையில் கஞ்சி நாடியில் வழிந்தது. உம்மா துடைத்துவிடும்வரை எனக்குத் தெரியவில்லை.

நோன்பு முறியவில்லை.

ஏப்ரல் 12

விடவில்லை.

ஏப்ரல் 15

கீழுதட்டின் இடப்பாதியும் நாக்கின் இடப்பாதியும் என்னுடையவை அல்ல. தொட்டால் வேறு யாருடையதையோ தொடுவதுபோல். பத்திரிகையை வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். சொற்கள் நனைந்து விழுகின்றன. நாக்கைக் கடித்திருக்கிறேன் — வலப்பக்கத்தில் இரத்தம் ருசித்தபோதுதான் அறிந்தேன்.

ஏப்ரல் 18

மறுபடி பெனடிக். ஊசி முனை நரம்பில் பட்டிருக்கிறதாம். ஆயிரத்தில் ஒருவருக்கோ என்னவோ, நடக்கும். அநேகமாக விட்டுவிடும். கிழமைகள் செல்லலாம், மாதங்கள் செல்லலாம். சில பேருக்கு விடாமலே போகும்.

அந்தச் சில பேர் யார் என்று கேட்டேன்.

"அது தெரிஞ்சிருந்தா உங்களுக்கு ஊசியே போட்டிரிக்க மாட்டன், தம்பி."

பிறகு கேட்டார்: "ஊசி உள்ளுக்கு இரிக்கக்குள்ள ஏன் தலையத் திருப்பின?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கை கழுவப் போய்விட்டார்.

பேராதனையில் படிக்கையில் நோன்பு மாதத்துப் பகலில் விடுதிச் சாப்பாடு சாப்பிட்டவன் நான். ஒரு துளிக் கசப்பைத் தடுக்க ஒரு நரம்பைக் கொடுத்திருக்கிறேன். யாருக்காக? இறைவனுக்கா, உம்மாவின் முகத்துக்கா? பஸ் முழுக்க இதே கேள்வி. பதில் வருமுன் எங்கள் கல்முனை வந்தது.

ஏப்ரல் 24

நேற்றுப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி. எதிரே கலியாணப் பெண்ணின் மாமா பக்கீர் முகைதீன். என் நாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்று சாய்ந்தமருது முழுக்க, மாப்பிள்ளைக்குப் பக்கவாதமாம்.

உம்மா: "நிக்காஹ் முடியுமட்டும் வாயத் துறக்காத மகன். நீங்க குடியிரிக்க அங்க ஊடு கட்டி வெள்ளையும் அடிச்சிட்டாங்க."

வாயைத் திறந்தால்தானே தெரியும் — அதுதான் உம்மாவின் கணக்கு. நதீரா என்ற பெண்ணை நான் பார்த்தது ஒரே ஒரு முறை. அவளிடம் மறைத்து அந்த வீட்டுக்குள் எப்படிப் போவது? ஒவ்வொரு இரவும் சாப்பாட்டுக்கு முன்னால் தலை குனிந்திருப்பேனா, காலம் பூராவும்?

என்னால ஏலா. ஏலவே ஏலா.

ஏப்ரல் 27

போனேன். கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளை பெண் வீட்டுப் படியேறக் கூடாது. ஏறினேன். நதீராவின் வாப்பா முகைதீன்பாவா கதிரையைக் காட்டினார். எல்லாம் சொன்னேன்: ஊசி, கசப்பு, நான் திருப்பின தலை.

"வாதமில்லயா?"

"இல்ல மாமா. உதட்டுல சோறு ஒட்டினா தெரியாது. அவ்வளவுதான்."

"விடுமா?"

"தெரியா."

அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஒரு குரல், தன் தாயோடு கதைப்பதுபோல், ஆனால் எங்களுக்குக் கேட்கும்படி:

"சோறு ஒட்டினா ஆராச்சும் சொன்னாச் சரிதானே, உம்மா."

முகைதீன்பாவா தொண்டையைச் செருமினார். "கலியாண நாள் மாறல்ல," என்றார்.

மே 2

பெருநாள். வட்டிலப்பம் பாதி நாக்குக்கு மட்டும் இனித்தது.

மே 19

நிக்காஹ். சம்மதமென்று கபூல் சொல்லும்போது நாக்கு இடறியது. ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை. பக்கீர் முகைதீன் மட்டும் கூரையைப் பார்த்தார்.

ஓகஸ்ட் 30

நாக்கில் எறும்பு ஊர்கிறது. எரிகிறது. இரண்டு நாளாக உறக்கமில்லை. நரம்புக்கு உணர்வு திரும்பும்போது அப்படித்தானாம், நல்லதுக்காம். நல்லதற்கும் இவ்வளவு நோவா?

1958 மார்ச் 26

மாரிக்கு முன்பே நாக்கு முழுதாக வந்துவிட்டது. உதடு வரவில்லை. இனி வராது என்று பெனடிக் சொல்லாமல் சொன்னார். அந்தச் சில பேரில் நானும் ஒருவன்.

இன்றும் நோன்பு திறந்தோம். கஞ்சி வார்த்துக்கொண்டு நின்ற நதீரா ஒரு விரலால் தன் உதட்டோரத்தைத் தொட்டாள். நான் என்னுடையதைத் துடைத்தேன்.

மாமி கண்டுவிட்டார். "என்ன புள்ள, நோன்பு துறக்கிற நேரமெல்லாம் உதட்டச் சொறியிற?"

"நுளம்பு கடிக்கிது, உம்மா."

மாமி சாம்பிராணி போட எழும்பினார்.